மின்னணு டிரம்முக்கு எந்தக் குச்சி?

மளிகைக்காரரிடம் 'டிரம்ஸ்டிக்' கேட்டால் முருங்கைக்காயை எடுத்துக் கொடுப்பார். அது சரிதான். இங்கே பேசப்போவது கொட்டும் குச்சியைப் பற்றி. நம் வணிக நண்பர்களில் ஃபேன்சி ஸ்டோரும் எழுதுபொருள் கடையும் நடத்துவோர் சிலர், கிடார் கம்பி, மவுத் ஆர்கன் இவற்றோடு டிரம் குச்சியும் வைத்திருக்கிறார்கள். மெல்லிசைக் குழுக்களில் ஆக்டாபேட் வாசிப்போரும், வீட்டில் காதுக்கருவி மாட்டிக்கொண்டு மின்னணு டிரம் பழகும் மாணவர்களும் இதைத் தேடி வருகிறார்கள். குச்சியின் விலை சிறிது. அது அடிக்கும் பேடின் விலையோ பல மடங்கு. தவறான குச்சியை விற்றால் நட்டம் நமக்கல்ல, வாடிக்கையாளருக்கு. அவர் மறுபடி நம் கடைப் படி ஏறமாட்டார்.

முதலில் கருவியைப் புரிந்துகொள்ள வேண்டும். மின்னணு டிரம்மில் குச்சி ஒலி எழுப்புவதில்லை. பேடின் அடியிலுள்ள உணர்வி அதிர்வை மின்குறியாக மாற்றுகிறது. ஒலியைத் தருவது கருவி. சாதாரண டிரம் வாசிப்பவர் மரமுனையா, நைலான் முனையா என்று பார்ப்பது பெரும்பாலும் தட்டின் நாதத்துக்காக. இங்கே அந்தக் கணக்கு இல்லை. பேட் கிழியாமல் இருக்க வேண்டும், கை வலிக்காமல் இருக்க வேண்டும், இவ்வளவுதான். 'சத்தம் வர வேண்டும், தடித்த குச்சி கொடுங்கள்' என்று கேட்பவரிடம், சத்தத்துக்குக் கருவியிலேயே திருகு இருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

பேட் இரண்டு வகை. 1985இல் ரோலண்டு நிறுவனம் கொண்டுவந்த ஆக்டாபேட் ரப்பர் முகம் கொண்டது. அடியை நன்றாகத் தாங்கும். 1997இல் அதே நிறுவனம் வலை போன்ற துணிமுகம் கொண்ட டிரம்மை வெளியிட்டது. 'மெஷ்' என்று வாசிப்பவர்கள் சொல்வது இதைத்தான். இதில்தான் ஆபத்து. பித்தளைத் தட்டிலும் இரும்பு விளிம்பிலும் அடித்துச் செதில் கிளம்பிய பழைய குச்சியை இதில் வைத்தால், அந்தச் சிம்பு வலையில் மாட்டி நூலை இழுத்துவிடும். ஆகவே 'ரப்பரா, மெஷ்ஷா?' என்று கேட்டுவிட்டுத்தான் குச்சியை எடுக்க வேண்டும். மெஷ் என்றால் நைலான் முனையைக் காட்டுங்கள். அதில் சிம்பு கிளம்பாது. மரமுனைதான் வேண்டும் என்பவர், பேடுக்கென்று தனி ஜோடி வைத்துக்கொள்வது நல்லது. வண்ணம் பூசிய குச்சி பார்வைக்கு அழகு, ஆனால் வெள்ளை வலையில் கறை படியும். உலோகக் குச்சியும் கார்பன் குச்சியும் மின்னணு டிரம்முக்கு வேண்டாம். அவற்றை விலக்கும்படி பேடோடு வரும் கையேடுகளிலேயே அச்சிட்டிருப்பதைக் காணலாம்.

அளவுக் குறியீடு புதியவர்களைக் குழப்பும். நூல் வியாபாரிக்கு உடனே விளங்கும்: 40ஆம் நம்பரைவிட 60ஆம் நம்பர் மெல்லிசு அல்லவா? இங்கும் எண் கூடினால் குச்சி மெலியும். 7ஏ ஏறக்குறைய 13.7 மில்லிமீட்டர், 5ஏ 14.4, 5பி 15.1, 2பி 16. கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். கொள்முதலில் பெரும்பங்கு 5ஏ இருக்கட்டும்; சிறுவர்களுக்கும் மெல்லிய கைக்காரர்களுக்கும் 7ஏ கொஞ்சம். மின்னணு டிரம்முக்காக 2பி வாங்கிக் குவித்தால் அலமாரியில் தூசிதான் படியும். ஒன்று மட்டும் விதிவிலக்கு: மேடையில் சாதாரண டிரம் வாசிப்பவர் வீட்டில் மின்னணுவில் பழகினால், மேடையில் பிடிக்கும் அளவையே வாங்கட்டும். கைப்பழக்கம் மாறக்கூடாது.

மரத்தில் ஹிக்கரி நடுத்தரம். அதிர்ச்சியைத் தாங்கும், அதிகம் விற்பதும் இதுவே. மேப்பிள் எடை குறைவு. ஓக் கனமானது, உழைக்கும்.

சரக்கு வந்ததும் பில்லை மட்டும் பார்த்து உள்ளே வைக்காதீர்கள். கண்ணாடி மேசைமேல் ஒவ்வொரு குச்சியையும் உருட்டுங்கள். வளைந்தது தள்ளாடிக் காட்டிக்கொடுக்கும். ஜோடியில் இரண்டையும் மேசையில் தட்டிக் கேளுங்கள். ஓசை வெகுவாக வேறுபட்டால் எடையும் மரமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். தள்ளாடுவதை அன்றே மொத்த வியாபாரியிடம் திருப்பிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கொண்டுபோனால் உங்கள் கடையில் வளைந்தது என்பார், மறுக்க முடியாது. ஈரச் சுவரில் சாய்த்து வைத்தாலும் வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் நல்ல குச்சியும் கோணும். படுக்கை வாட்டில், உறையோடு வையுங்கள்.

விற்கும்போது வாடிக்கையாளரையே உருட்டிப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். நைலான் முனை ஆடுகிறதா என்று விரலால் திருகிப் பார்த்துக் கொடுத்தால், முனை கழன்றுவிட்டது என்று மறுநாள் வந்து நிற்பவர் குறைவார்.