வடம் பூட்டும் இடம்

(உரைநடைப் பாடம்)

‘வடம்’ என்றதும் நமக்குத் தேர் நினைவுக்கு வரும். தேரைப் போலவே தெப்பத்திற்கும் வடம் உண்டு. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில், தைப்பூசத்தை ஒட்டி நடைபெறும் தெப்பத் திருவிழாவன்று மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் எழுந்தருளிய தெப்பம் நடுவிலுள்ள மண்டபத்தைச் சுற்றி வரும். அதற்குத் துடுப்பும் இல்லை, பாயும் இல்லை. கரையில் நின்று வடம் பிடிக்கும் மக்களே அதனை நகர்த்துகின்றனர். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டுவித்த அக்குளத்தின் ஒரு பக்கம் மட்டும் ஏறத்தாழ 1000 அடி நீளமுடையது. அத்துணைப் பெரிய நீர்ப்பரப்பில் ஒரு மிதவையைச் சாயாமலும் சுழலாமலும் இழுத்துச் செல்வது எளிய செயலன்று.

தெப்பம் என்பது யாது? காற்று நிறைந்த பீப்பாய்களை வரிசையாக அடுக்கி, மரச்சட்டங்களால் பிணைத்து, மேலே தளமிட்டு, அத்தளத்தின் மேல் மண்டபம் எழுப்பினால் அது தெப்பம். மேற்பகுதி கண்ணைக் கவரும். எனினும் பாரத்தைத் தாங்குவது அடியிலுள்ள சட்டமே. ஆகவே வடத்தையும் அடிச்சட்டத்தில்தான் பூட்ட வேண்டும். அலங்காரத் தூணில் கட்டி இழுத்தால் தூண் பெயரும். அல்லது தெப்பமே முன்பக்கமாகச் சாயும். ஒரு மூலையில் மட்டும் கட்டி இழுத்தால் அம்மூலை முன்னே வர, தெப்பம் திரும்பிக்கொள்ளும். வடம் எவ்வளவு வலியது என்பதை எல்லாரும் பார்க்கின்றனர்; அது எங்கே பூட்டப்பட்டுள்ளது என்பதைப் பார்ப்பவர் சிலரே.

இதே சிக்கல், திசை மாறி, இன்றைய நீர்விளையாட்டிலும் எழுகிறது. அமெரிக்க, கனடிய நாட்டு ஏரிகளில் இரண்டு நீண்ட அலுமினிய உருளைகளின் மேல் தளமிட்ட படகுகள் மிகுதி. வடிவத்தில் அவை நம் தெப்பத்தின் உறவினர் என்றே சொல்லலாம். இயந்திரம் பூட்டியது ஒன்றே வேறுபாடு. அப்படகின் பின்னே காற்றடைத்த ரப்பர் மிதவை ஒன்றைக் கயிற்றால் இணைத்து, அதன்மேல் சிறுவர்களை அமர்த்தி இழுத்துச் செல்வர். தெப்பத்தில் இழுபடுவது மிதவை. இங்கோ மிதவைப்படகே இழுக்கிறது.

கயிற்றை எங்கே பூட்டுவது? படகின் கைப்பிடிக் கம்பியில் கட்டலாகாது. அது மனிதர் விழாமல் தடுப்பதற்கு அமைந்ததேயன்றி, இழுவிசையைத் தாங்குவதற்கு அமைந்ததன்று. ஒரே உருளையில் கட்டினால் படகின் பின்புறம் அப்பக்கம் இழுபட, ஓட்டுபவர் திசைமாற்றியோடு போராட நேரும். நடுவிலோ இயந்திரம் இருக்கிறது. தளர்ந்த கயிறு அதன் சுழல்விசிறியில் சிக்கினால் கயிறும் அறும், விசிறியும் கெடும். எனவே இரண்டு உருளைகளின் பின்முனையிலும் உள்ள உறுதியான வளையங்களில் ஒரு கயிற்றின் இரு நுனிகளையும் மாட்டுவர். அக்கயிறு இயந்திரத்திற்குப் பின்னால், நீர்மேல் மிதக்கும் ஒரு சிறு மிதவைக்கட்டையில் வந்து கூடும். அங்கிருந்து இழுகயிறு ஒன்றாகச் செல்லும். கவைக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு கிளை, ஒரு காம்பு. ஆங்கிலேய மாலுமிகள் இதற்குக் குதிரையின் கடிவாளத்தின் பெயரையே இட்டனர். வாயின் இரு பக்கமும் பற்றி ஒரு கையில் கூடுவது கடிவாளம் அல்லவா!

இனிச் சிறிது கணக்கு. தமிழ்ப் பாடத்தில் கணக்கு எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டா. இழுவிசை 100 கிலோ எடைக்குச் சமம் என்க. இரு கிளைகளும் ஏறத்தாழ இணையாக நீண்டிருந்தால் ஒவ்வொன்றும் 50 கிலோவைத் தாங்கும். ஒவ்வொரு கிளையின் நீளமும் இரு வளையங்களுக்கு இடைப்பட்ட தூரத்திற்குச் சமமானால், அவற்றின் இடைக்கோணம் 60 பாகை; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 58 கிலோ தாங்கும். கிளைகளைக் குறுக்கிக் கோணத்தை 120 பாகை ஆக்கினாலோ, ஒவ்வொரு கிளையும் முழு 100 கிலோவைத் தாங்க நேரும்! கயிற்றை மிச்சப்படுத்தக் கிளையைக் குறுக்குவோர் பாரத்தைக் கூட்டுகின்றனர். மேலும், படகு திரும்பும்போது ரப்பர் மிதவை ஒரு புறமாக வீசப்படும். அப்போது ஒரு கிளையின் மேலேயே பெரும்பகுதி பாரம் விழும். ஆதலால் ஒவ்வொரு கிளையும் தனித்து முழுப்பாரத்தையும் தாங்கவல்லதாக இருத்தல் வேண்டும். இழுகயிறு 50 முதல் 65 அடி வரை நீளமாக இருப்பது வழக்கம். நீரில் விழுந்தவரை ஏற்றிக்கொள்ளும்போது இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். பின்னோக்கிப் பார்த்திருக்கத் தனியாக ஒருவர் படகில் இருக்க வேண்டும்.

மாணவர்களே, இவையெல்லாம் நமக்குத் தொலைவானவை என்று எண்ணாதீர்கள். கயிற்றை நம்பி வாழ்ந்த ஊர் நம் கோலார் தங்கவயல். சுரங்கவாயில்களில் இன்றும் நிற்கும் இரும்புக் கோபுரங்களின் உச்சியில் உள்ள சக்கரங்களைப் பாருங்கள். அவற்றின் வழியே எஃகுக் கயிறு இறங்கியது. அதன் நுனியில் கூண்டு தொங்கியது. கூண்டில் உங்கள் பாட்டனார்கள் நின்றனர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். அவ்வாழத்தை அங்கு ஒரே கயிற்றில் அடையவில்லை. ஒரு கூண்டிலிருந்து இறங்கி, உள்ளே நடந்து, அடுத்த கூண்டில் ஏற வேண்டியிருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்படும் வரை தொழிலாளரின் உயிர் கயிற்றின் நுனியில் இருந்தது.

அந்த நுனியை எவ்வாறு பூட்டுவர்? ஆழ்சுரங்கங்களில் எஃகுக் கயிற்றின் முனையைப் பிரித்து, இழைகளைத் துடைப்பம் போல் விரித்து, கூம்பு வடிவக் குழிக்குள் இட்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றி இறுக்குவது ஒரு முறை. அதன் கீழே ஒரு காப்புக்கொக்கி. கூண்டு அளவு மீறி மேலே இழுக்கப்பட்டால் கொக்கி கயிற்றை விடுவித்து, கூண்டைக் கோபுரத்திலேயே தொங்கவிடும். அதற்கும் கீழே, கூண்டின் மூலைகளுக்குச் செல்லும் சங்கிலிகள். ஒரு மூலையில் மட்டும் மாட்டினால் கூண்டு சாய்ந்து சுவரில் உரசும் என்பதால், பாரம் பகிரப்படுகிறது. அச்சங்கிலிகளுக்கும் ஆங்கிலத்தில் கடிவாளத்தின் பெயரே! நீர்மேல் செல்லும் படகுக்கும் நிலத்தடி செல்லும் கூண்டுக்கும் ஒரே பெயர் வாய்த்தது, இரண்டிலும் வேலை ஒன்றே என்பதால்தான்.

இன்னொன்றும் கருதத்தக்கது. கயிற்றின் நடுப்பகுதி நன்றாக இருக்கும்போதே, குறித்த காலத்திற்கு ஒருமுறை அதன் நுனியை வெட்டி நீக்கிப் புதிதாகப் பூட்டுவர். ஈரமும் அதிர்வும் வளைவும் பூட்டிய இடத்தையே முதலில் தின்கின்றன; துருவோ உள்ளே இருக்கும், வெளியே தெரியாது. வெட்டிய துண்டைப் பிரித்துப் பார்த்தால்தான் கயிற்றின் உண்மை நிலை விளங்கும்.

மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி இங்கு வந்த எனக்கு, தெப்ப வடமும் கூண்டுக் கயிறும் ஒரே பாடத்தில் சேரும் என்பது இவ்வூரால் கிடைத்த அறிவு. தமிழில் கயிற்றுக்குப் பெயர்கள் பல: மாடு கட்டுவது தாம்பு, வில்லில் பூட்டுவது நாண், தேரிழுப்பது வடம். மிதப்பனவற்றுக்கும் புணை, மிதவை, தெப்பம் எனச் சொற்கள் உண்டு. சுரங்கக் கயிற்றுக்கு உரிய சொற்களோ நூல்களில் அரிது. அவை இவ்வூர் முதியோர் நாவில் உள்ளன.

பயிற்சி

1. அலங்காரத் தூணில் வடம் கட்டலாகாது ஏன்? உம் சொந்த நடையில் எழுதுக.

2. கிளைகளின் இடைக்கோணம் 60 பாகை, 120 பாகை ஆகிய இரு நிலைகளையும் படம் வரைந்து, ஒவ்வொரு கிளையும் தாங்கும் பாரத்தைக் குறிக்க.

3. தாம்பு, நாண், வடம், புணை: இச்சொற்களைத் தனித்தனி வாக்கியங்களில் அமைக்க.

4. சுரங்கத்தில் பணியாற்றிய முதியவர் ஒருவரைச் சந்தித்து, கயிறு, கூண்டு, கொக்கி, சங்கிலி ஆகியவற்றை அவர்கள் எப்பெயரால் அழைத்தனர் எனக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வருக. திருத்த வேண்டா.