ராயப்பேட்டையில் முதல் பிளாட் வாங்குவோர் கவனத்துக்கு

அமீர் மஹாலின் அண்டைத் தெருக்களில், வாடகை வருமானத்தை உத்தேசித்து முதன்முதலாகப் பழைய பிளாட் ஒன்றை வாங்க நினைப்பவர், அதன் புது வர்ணப்பூச்சில் மனம் லயிக்குமுன், கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் தமக்கு உரித்தாகும் பிரிபடாத மனைப் பாகம் எத்தனை சதுர அடி என்பதை நிதானமாய் வாசித்தறிவது அவசியம். ஏனெனில், காலக்கிரமத்தில் கட்டடம் ஜீரணமாகி, மறுநிர்மாணத்துக்காக இடிக்கப்படும் நாளில், மிஞ்சுவதும் விலை பெறுவதும் அந்த மண்ணே. 800 சதுர அடி வீட்டுக்கு 400 சதுர அடிப் பாகமும் இருக்கலாம், 250-ம் இருக்கலாம். விலை ஒன்றாயின் முன்னதே உத்தமம்.

மூலப் பத்திரங்களையும், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். மனை கோயிலுக்கோ வக்புக்கோ சொந்தமானதன்று என்பதை அவர் வாயிலாகவே நிச்சயித்துக்கொள்ளுங்கள். உரிய அனுமதியின்றி அத்தகைய நிலத்தின் கிரயம் பதிவாகாது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக நூற்றுக்கு 9 வரை செலவாகும். அதைச் சேர்க்காமல் லாபக் கணக்குப் போடுவது பெரும் பிசகு. இவை யாவும் தெளிவாகும்வரை, தரகர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அட்வான்ஸ் கொடுக்கவே வேண்டாம்.