மராமத்து வேலையில் சரக்கு நனைந்தால்: வணிகர் அறிய வேண்டியவை

ஐப்பசி அடைமழைக்கு முன் மொட்டை மாடி ஒழுக்கை அடைத்துவிட வேண்டும் என்று நம் வணிகர்கள் பலர் மேஸ்திரியைத் தேடுவது வழக்கம். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, மேலே தார்ப்பாய் கூடப் போடாமல் ஆட்கள் இறங்கிவிடுகிறார்கள். இரவு மழையில் கீழே அடுக்கிய சர்க்கரையும் பருப்பும் நனைகின்றன. "மழைக்கு நான் என்ன செய்வேன்?" என்கிறார் வேலை எடுத்தவர். வாய்ச்சண்டையில் இரண்டு நாள் போகிறது. நாறும் மூட்டைகளைக் குப்பைக்கு அனுப்பும்போது சாட்சியமும் சேர்ந்து போகிறது. நஷ்டம் மட்டும் பேரேட்டில் நிற்கிறது.

இதை மீட்டுத் தருபவை கணக்கும் கடிதமும்தான். அவற்றை உரிய நேரத்தில் எழுதுவது எப்படி என்று பார்ப்போம்.

சட்டம் கூறுவது

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் இயல்பாக விளைந்த நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும். இன்ன நஷ்டம் வரக்கூடும் என்று ஒப்பந்தத்தின்போதே இரு தரப்பாரும் அறிந்திருந்தால் அதுவும் சேரும். தொலைவான, மறைமுகமான நஷ்டம் சேராது. வேலையின்போது தன் ஆட்கள் செய்த தவறுக்கும் வேலை எடுத்தவரே பொறுப்பு. அதே சமயம், நஷ்டத்தைக் குறைக்க நாம் முயன்றோமா என்பதும் பார்க்கப்படும். நனையாத மூட்டையை நகர்த்தாமல் விட்டால் அந்த இழப்பு நம்முடையதே.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

1. தண்ணீர் இறங்கும் அறைக்கு மின்சாரத்தை நிறுத்துங்கள்.

2. எதையும் அப்புறப்படுத்தும் முன் மாடி, கூரை, மூட்டை என வரிசையாகப் படம் எடுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். ஆகவே மூலப் படங்களை எடுத்த போனிலேயே அழிக்காமல் வைத்திருங்கள்.

3. வேலை எடுத்தவரை வரவழைத்து, சேதப் பட்டியல் எழுதிக் கையொப்பம் கேளுங்கள். மறுத்தால் பக்கத்துக் கடைக்காரர் இருவரிடம் சாட்சிக் கையொப்பம் வாங்குங்கள்.

4. இன்ஷூரன்ஸ் இருந்தால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். அவர்களைக் கேட்காமல் "முழுத் தீர்வு" என்று யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

5. நனைந்த உணவுச் சரக்கைக் காயவைத்து விற்க நினைக்காதீர்கள். பாதுகாப்பற்ற உணவை விற்பது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பூஞ்சணம் பிடித்தது மாட்டுத் தீவனத்துக்கும் ஆகாது.

நஷ்டக் கணக்கு

உத்தேசத் தொகை கேட்டால் பேரம்தான் நடக்கும். கொள்முதல் பில்லைக் கொண்டு கணக்கிடுங்கள். ஓர் உதாரணம்: 50 கிலோ சர்க்கரை மூட்டை 5, கிலோ ரூ.42 வீதம் ரூ.10,500. துவரம் பருப்பு 4 மூட்டை, கிலோ ரூ.120 வீதம் ரூ.24,000. ஒயரிங் பழுது ரூ.4,000. மூட்டை மாற்றிய கூலி ரூ.1,500.

பலர் விட்டுவிடும் இனம் ஒன்று உண்டு. மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(எச்) பிரிவுப்படி அழிந்துபோன சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். சர்க்கரைக்கு 5 சதவீதம் ரூ.525. 50 கிலோ மூட்டைப் பருப்புக்கு வரி இல்லை. ஆக மொத்தம் ரூ.40,525. அவருக்குத் தர வேண்டிய பாக்கி ரூ.25,000 என்றால், அதைக் கழித்து ரூ.15,525 கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பில் நகல்களுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, பாக்கியை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதையும், பதில் தர 15 நாள் கெடுவையும் அதில் குறிப்பிடுங்கள். அவருடைய ஏணி, மிஷின்களைப் பிடித்து வைப்பது வேண்டாம். அது நம் மீதே போலீஸ் புகாராகத் திரும்பும்.

எங்கே முறையிடுவது?

குடியிருக்கும் வீட்டு வேலையில் சேதம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். வேலைக்குக் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கடை, கிடங்கு வேலை என்றால் "வணிக நோக்கம்" என்ற ஆட்சேபம் எழும். அதற்கு உரிய இடம் சிவில் நீதிமன்றம். காலவரம்பு 3 ஆண்டு. வழக்குக்கு முன்பே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கு ஏற்பட்ட தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. கடைக்கும் வீட்டுக்கும் ஒருவரே வேலை செய்தால் ரசீதுகளைத் தனித்தனியே வாங்குங்கள்.

அடுத்த வேலைக்கு முன்

ஒரு தாளில் நான்கு வரி போதும். "கீழே இன்ன மதிப்புள்ள மளிகைச் சரக்கு உள்ளது, தினமும் வேலை முடிந்ததும் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், சேதத்துக்கு வேலை எடுத்தவர் பொறுப்பு, கடைசித் தவணை ஒரு மழை பார்த்த பிறகு" என்று எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். முதல் வரிதான் 73-ஆவது பிரிவில் நமக்குப் பெரும் பலம். சரக்கு இருப்பது தெரியாது என்று பிறகு அவர் சொல்ல முடியாது.

கடனுக்குச் சரக்குக் கொடுத்தால் பில் போடாமல் அனுப்புவோமா? மாடியை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போதும் அந்த வழக்கமே இருக்கட்டும்.