அளவறிந்து முடுக்குதல்

நுழையும்முன்

கைவலிமை மிக்கவரே நல்ல மெக்கானிக் என்று பலர் எண்ணுவர். எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்று அறிந்த கையே நல்ல கை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பழைய வண்டியும் சிறிய ஆணியும்

மாணவர்களே! பெங்களூருச் சாலைகளில் பழைய மோட்டார் சைக்கிள்கள் சில இன்றும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் புல்லட், 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவாக்கப்பட்டது. ஜாவா, 1961 முதல் மைசூரில் உள்ள ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் உருவானது. பின்னர் யெஸ்டி என்னும் பெயர் பெற்றது. அத்தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. எனவே, பழைய யெஸ்டி வண்டியின் எஞ்சின் உறை பழுதானால், அதே உறையை எளிதில் வாங்க இயலாது. ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளில் தேடி அலைய நேரிடும்.

அத்தகைய உறையைக் கெடுக்க ஒரு சிறிய மரையாணி போதும். மரையாணியைப் பட்டறைகளில் போல்ட் என்பர். அதன் உடலைச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளமே மரை. ஆணி எஃகால் ஆனது. எஞ்சின் உறையோ அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் எஃகைவிட மென்மையானது. ஆகையால் அளவுக்கு மீறி முடுக்கினால், பெரும்பாலும் உறையிலுள்ள மரையே முதலில் சிதையும். பலமுறை கழற்றி மாட்டப்பட்ட பழைய வண்டியில் அந்த மரை முன்பே தேய்ந்திருக்கும்.

ஆணி எவ்வாறு பிடிக்கிறது?

வீணையின் பிரடையைத் திருகும்போது தந்தி சற்றே நீள்கிறது. தளர்ந்த தந்தியில் சுருதி சேராது. மிகையாக முறுக்கிய தந்தி அறுந்துவிடும். மரையாணியும் இத்தகையதே. முடுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. மீண்டும் சுருங்க முயலும் அந்த இழுவிசையே மூடியையும் உறையையும் சேர்த்துப் பிடிக்கிறது. எல்லை கடந்து நீண்ட ஆணி பழைய நிலைக்குத் திரும்பாது; அதன் பிடியும் நிலைக்காது.

எவ்வளவு முடுக்குவது?

முடுக்கும் அளவைத் திருப்பு விசை என்பர். கையின் விசையை ஸ்பானரின் நீளத்தால் பெருக்கினால் இவ்வளவு கிடைக்கும். எஞ்சின் பக்க மூடியில் உள்ள 6 மி.மீ. ஆணிக்குப் பொதுவாக ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் போதும். 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் திருப்பு விசை இதுவே. அரிசிப் பை ஒன்றின் எடைதான் அது! ஸ்பானர் நீளமானால் அதே கைவிசை மிகுந்த பயன் தரும். சிறிய ஆணிக்கு நீண்ட ஸ்பானர் ஆகாது என்பதன் காரணம் இதுவே. வண்டிக்குரிய சரியான அளவை அதன் பணிமனைக் கையேட்டில் காண்க.

செய்முறை

1. கழற்றிய ஆணிகளின் நீளம் ஒன்றாக இராது. அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வோர் ஆணியையும் அதனதன் இடத்தில் குத்தி வைக்கவும்.

2. துளையையும் மரையையும் தூய்மை செய்யவும். அடிப்பக்கம் மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால், ஆணி இறங்கும்போது அது அழுந்தாது. உறையில் விரிசல் விழவும் கூடும். மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே திருப்பு விசையில் ஆணி மிகுதியாக நீளும்.

3. முதலில் விரலால் மட்டும் திருகவும். ஆணியைச் சற்றே இடப்புறம் சுழற்றினால், மரை மரையில் அமர்வதை விரல் உணரும். அதன்பின் வலப்புறம் திருகவும். தொடக்கத்திலேயே விறைத்தால், வெளியே எடுத்துப் பார்க்கவும். பழைய புல்லட்டில் ஆங்கிலேய அங்குல மரைகள் உண்டு. ஜாவாவில் இருப்பவை மில்லிமீட்டர் மரைகள். கண்ணுக்கு ஒத்திருந்தாலும் ஒன்று மற்றொன்றில் பொருந்தாது.

4. எதிரெதிர் மூலையாக, இரண்டு மூன்று சுற்றுகளில் சிறிது சிறிதாக முடுக்கவும். ஒரு பக்கக் கயிற்றை மட்டும் இழுத்துக் கட்டினால் பந்தல் சாய்வதுபோல, ஒரு பக்கம் மட்டும் இறுகிய மூடி வளைந்து எண்ணெய் கசியும்.

5. இறுகிவந்த ஆணி திடீரென இலகுவாகச் சுழன்றால் உடனே நிறுத்தவும். அது மரை சிதைவதன் அறிகுறி. லேத் பட்டறையில் துளையைச் சற்றே பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, எஃகுச் சுருள் பொருத்தி அதனைச் சீர்செய்யலாம்.

கசிவைக் கண்டதும் மேலும் முடுக்க வேண்டும் என்றே மனம் விரும்பும். காஸ்கெட் கிழிந்திருந்தால் எவ்வளவு முடுக்கினாலும் கசிவு நிற்காது. காரணத்தை அறிந்த பின்னரே ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

முடுக்குதல் – திருகி இறுக்குதல்
பிரடை – வீணையின் தந்தியை முறுக்க உதவும் திருகு
விறைத்தல் – அசையாமல் இறுகி நிற்றல்

பயிற்சி

1. மரை, மறை – இவ்விரு சொற்களின் பொருள் வேறுபாடு விளங்குமாறு தனித்தனி வாக்கியங்கள் எழுதுக.
2. ஸ்பானரின் நீளம் 10 செ.மீ. எனில், 10 நியூட்டன் மீட்டருக்கு அதன் முனையில் ஏறத்தாழ எத்தனை கிலோ எடை தேவை?
3. வீணைத் தந்திக்கும் மரையாணிக்கும் உள்ள ஒப்புமையை ஐந்து வரிகளில் எழுதுக.
4. உங்கள் பகுதியிலுள்ள மெக்கானிக் ஒருவரிடம் பேசி, அவர் வழங்கும் கருவிப் பெயர்கள் ஐந்தினைத் தமிழ் எழுத்தில் எழுதி வருக.