மண்டியிட்ட இராணுவ அதிகாரி



2022ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி உரோமையில் மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை புனிதராக உயர்த்தப்பட்டதை அறிவீர்கள். அதே திருப்பலியில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்த பத்துப் பேரில் இன்னொருவர், முன்னாள் பிரெஞ்சு இராணுவ அதிகாரி சார்ள்ஸ் தெ ஃபூக்கோ. கோவிலை மறந்த பிள்ளைக்காகக் கண்ணீர் விடும் பெற்றோர் இவருடைய வரலாற்றை அறிந்திருப்பது நன்று.

வழிதவறிய வாலிபம்

1858இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் பிறந்த சார்ள்ஸ், 1864இல் தாயையும் தந்தையையும் இழந்தார். பாட்டனாரே அவரை வளர்த்தார். பள்ளிப் பருவத்திலேயே விசுவாசம் அவரை விட்டு அகன்றது. பாட்டனார் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் விருந்திலும் கேளிக்கையிலும் கரைந்தது. சோமூர் குதிரைப்படைக் கல்லூரியில் அவர் வகுப்பில் கடைசி மாணவர். அல்ஜீரியாவில் பணியாற்றுகையில், ஒழுக்கக்கேடு காரணமாக 1881இல் சேவையிலிருந்து விலக்கப்பட்டார்.

ஆனால் தம் தோழர்கள் போர்முனைக்குச் செல்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மீண்டும் படையில் சேர அனுமதி கேட்டு ஓடிவந்தார். கெட்டுப்போனவன் என்று உலகம் ஒதுக்கிய அந்த வாலிபனிடம் துணிவும் தோழமையும் செத்துவிடவில்லை. கடவுள் அவற்றையே எடுத்துப் பயன்படுத்தினார்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில்

1882இல் படையை விட்டு விலகிய சார்ள்ஸ், யூதரைப் போல மாறுவேடம் பூண்டு மொரோக்கோ நாட்டை ஆராய்ந்தார். பாரிஸ் புவியியற் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. பதக்கத்தைவிட அவர் மனத்தை அசைத்தது வேறொன்று: கடவுள் முன்னிலையில் வாழ்ந்த முஸ்லிம் மக்களின் செபம்.

பாரிசுக்குத் திரும்பியபோது, ஒன்றுவிட்ட சகோதரியான மரி தெ பொந்தி அவரைக் கடிந்துகொள்ளவுமில்லை, வாதாடவுமில்லை. அன்போடு வரவேற்றார், தம் பக்தியைத் தாம் வாழ்ந்துகாட்டினார். 1886 ஒக்டோபர் இறுதியில் சார்ள்ஸ், புனித அகுஸ்தினார் ஆலயத்தில் குருவானவர் உவெலாங்கைத் தேடிப்போனார். அவர் கேட்டது வேத விளக்கம். குருவானவரோ, மண்டியிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யும்படி சொன்னார். சார்ள்ஸ் கீழ்ப்படிந்தார், அன்றே நற்கருணையும் உட்கொண்டார்.

பாலைவனத் துறவி

1890இல் திராப்பிஸ்ட் மடத்தில் சேர்ந்து, பின்னர் அன்றைய சிரியாவில் இருந்த ஏழை மடமொன்றில் வாழ்ந்தார். இன்னும் தாழ்ந்த இடத்தை நாடி, 1897இல் நாசரேத்துக் கிளாரா கன்னியர் மடத்தில் வேலைக்காரரானார். 1901இல் குருப்பட்டம் பெற்றுச் சகாராப் பாலைவனத்தை அடைந்தார். 1905 முதல் தமன்ராசெத்தில் துவாரெக் மக்களிடையே வாழ்ந்து, அவர்களுடைய மொழிக்கு அகராதி தொகுத்தார். 1908இல் அவர் சாகக் கிடந்தபோது, பஞ்சத்தில் வாடிய அம்மக்களே அலைந்து திரிந்து ஆட்டுப்பால் கொண்டுவந்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். கொடுக்க வந்தவர் பெறவும் கற்றுக்கொண்டார்.

1916 டிசம்பர் 1ஆம் திகதி ஆயுதக் கும்பலொன்றினால் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் காண விரும்பிய துறவற சபையில் அன்று அவரோடு ஒருவருமில்லை. 1933இல் யேசுவின் சிறிய சகோதரர் சபையும், 1939இல் சிறிய சகோதரிகள் சபையும் அவர் வழியில் பிறந்தன.

நமக்குரிய பாடம்

பெற்றோரே, உங்கள் மகன் செபமாலைக்கு வர மறுக்கிறானா? ஏச்சினால் இழுத்து வராதீர்கள். மரியைப் போல வீட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். உங்கள் செபத்தை நிறுத்தாதீர்கள். இளைஞரே, எல்லாச் சந்தேகமும் தீர்ந்த பின்னர்தான் மண்டியிடுவேன் என்று காத்திராதீர்கள். சார்ள்ஸ் மண்டியிட்ட பின்னரே வெளிச்சம் கண்டார்.