நீக்காமல் விட்ட பிழை

அன்புள்ள கவின்,

சண்டை விளையாட்டு என்றால் பட்டன்களைக் கண்டபடி தட்டுவதுதானே என்று கேட்டிருந்தாய். பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ஐ ஆர்கேடுகளுக்குக் கொண்டுவந்தது. ஆடுவதற்கு எட்டு வீரர்கள். கைகால் நீளும் இந்திய யோகி தால்சிம் அவர்களில் ஒருவர். காரை நொறுக்கும் போனஸ் சுற்றைச் சோதித்தபோது, ஒரு குத்தின் அசைவு முடியும் முன்பே அடுத்த அடியும் விழுவதைத் தயாரிப்பாளர் நொரிடாகா ஃபுனாமிசு கவனித்தார். நிரலில் இருந்த பிழை அது. இவ்வளவு நுணுக்கமான நேரக்கணக்கு யாருக்கும் கைவராது என்று நீக்காமல் விட்டார்கள். ஆட வந்தவர்களுக்கோ கைவந்தது! எதிராளிக்குத் தடுக்க இடமே தராத அந்தத் தொடர் அடிதான் ‘காம்போ’. அது இல்லாத சண்டை விளையாட்டு இன்று அரிது.

அடுத்து வந்தவை ஆளுக்கொரு வழி பிடித்தன. ‘மோர்ட்டல் காம்பாட்’ (1992) நிஜ நடிகர்களைப் படம்பிடித்துத் திரையில் மோதவிட்டது. அதன் ரத்தக்களரி அமெரிக்க செனட் விசாரணைவரை போனது. சேகாவின் ‘வர்ச்சுவா ஃபைட்டர்’ (1993) முப்பரிமாணத்துக்கு மாறியது. ‘டெக்கன்’ ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் தனி பட்டன் தந்தது. 1999இல் மசாஹிரோ சகுராய் உருவாக்கிய ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ தோல்வியின் விதியையே மாற்றியது. அடிவாங்க வாங்கச் சதவீதம் ஏறும். ஏற ஏற, அடுத்த அடியில் ஆள் இன்னும் தூரம் பறப்பார். மேடைக்கு வெளியே போனால் ஓர் உயிர் போச்சு. துணிச்சலில் இதற்கு ஈடு வேறில்லை.

2004இல் கலிபோர்னியாவில் நடந்த ‘ஈவோ’ சண்டை விளையாட்டுப் போட்டியின் காணொளியைக் கட்டாயம் பார். ஆட்டம், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்’. டைகோ உமேஹரா ஆடும் வீரர் கென்னுக்கு உயிர் நூலளவு. எதிரே ஜஸ்டின் வாங் ஆடும் வீராங்கனை சுன்-லி பதினைந்து அடிகள் கொண்ட சூப்பர் தாக்குதலைத் தொடுக்கிறார். சாதாரணமாகத் தடுத்தாலும் கொஞ்சம் உயிர் கரையும். அந்தக் கொஞ்சமே டைகோவுக்குப் போதும், ஆட்டம் முடிந்துவிடும். எனவே ஒவ்வோர் அடியும் விழும் அதே கணத்தில் ஸ்டிக்கை எதிராளியை நோக்கித் தள்ளி, ‘பாரி’ செய்து அத்தனையையும் முறியடித்தார். பிறகு திருப்பி அடித்துச் சுற்றை வென்றார். கோப்பை என்னவோ அவருக்குக் கிடைக்கவில்லை. இறுதியில் இன்னொரு ஜப்பானியரிடம் தோற்றார். இருந்தும் உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தச் சில நொடிகளைத்தான்.

நீ ஆடத் தொடங்கினால் ஒரே வீரரைப் பிடித்துக்கொள். காம்போக்களைப் பிறகு மனப்பாடம் செய்யலாம். உன்னைத் திரும்பத் திரும்ப வீழ்த்தும் அடி எதுவோ, அதைப் பயிற்சிப் பகுதியில் பொம்மை எதிராளிக்குப் பதிவுசெய்து கொடு. அது அடிக்கட்டும்; எந்தக் கணத்தில் தடுக்கலாம், எப்போது திருப்பி அடிக்க இடைவெளி கிடைக்கிறது என்று முதலில் பார்.

அன்புடன்,
மாமா