சிறு செலவில் சீரான விளம்பரப் படம்

 

வாடிக்கைக்காரர் வரட்டும் என்று காத்திராமல், அவர் இருக்குமிடத்துக்கே சரக்கைக் கொண்டுபோனவர்கள் நம் முன்னோர். பினாங்குத் துறைமுகத்தில் உழைத்தவர்களுக்குச் சோறும் கறியும் தோள் கம்பில் சுமந்து சென்று விற்றார்கள். ‘நாசி கண்டார்’ என்ற பெயரே அந்தக் கம்பினால் வந்ததுதான். இன்று ஜனங்களின் கண் கைத்தொலைபேசியில் இருக்கிறது. மாக் மண்டின் தொழிற்சாலைகளுக்குப் போகும் இளைஞர், நம் கடை வாசலைக் கடக்கும்போதே வேறெங்கோ உள்ள கடைக்குச் சாமான் சொல்லிவிடுகிறார். ஆகவே நம் கடையும் அந்தச் சின்னத் திரைக்குள் போயாக வேண்டும்.

“படம் பிடிக்கும் கூலி சிறு கடைக்குக் கட்டுமா?” என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் மைக்கேல் டூபின் என்பவர் 2012-ல் ‘டாலர் ஷேவ் கிளப்’ என்ற தம் சவரக் கத்தி வியாபாரத்துக்கு ஏறத்தாழ 4,500 டாலரில் ஒரு படம் எடுத்தார். தம் கிடங்கில் தாமே நடந்து பேசினார். இரண்டு நாளில் சுமார் 12,000 பேர் சரக்குக் கேட்டார்கள். 2016-ல் யூனிலீவர் கம்பெனியே அந்த வியாபாரத்தை வாங்கிற்று. அவருடைய பேச்சு முறை நமக்கு உகந்ததன்று. ஆனால் முதலாளியே தம் சரக்கின் நடுவில் நின்று பேசினால் எடுபடும் என்ற பாடம் நமக்கும் உரியது. நமக்கோ அந்தப் பணமும் தேவையில்லை; கையிலுள்ள தொலைபேசியே போதும். செய்யும் முறை வருமாறு:

1. பேச்சு: ஒரு படத்துக்கு ஒரு சரக்கு, நேரம் ஒரு நிமிஷம். சொல்வதைக் காகிதத்தில் எழுதி, வாய்விட்டுப் படித்து, கடிகாரம் பார்த்துக் குறைக்கவேண்டும். சரக்கு என்ன, யாருக்கு உதவும், விலை என்ன, கடை எங்கே என்ற நான்கும் இருந்தால் நிறைவு. பாட்டன் காலத்துப் பெருமை முழுவதையும் இதில் அடக்கலாகாது.

2. வெளிச்சம்: வாசலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கறுத்துப்போகும். வாசலைப் பார்த்து நின்றால் காசில்லாத விளக்கு கிடைத்துவிடும். காலை வெளிச்சம் மிருதுவானது. உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே நிழலைப் போட்டுவிடும்.

3. ஓசை: படம் சற்று மங்கினாலும் ஜனங்கள் பொறுப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் உடனே தள்ளிவிடுவார்கள். ஆகவே காசு செலவழிப்பதாயின் முதலில் சட்டையில் மாட்டும் சிறு ஒலிவாங்கிக்குச் செலவழியுங்கள். ஐம்பது வெள்ளிக்குள் கிடைப்பன உண்டு. பேசும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வெறுஞ்சுவர் எதிரொலிக்கும், துணிக்கட்டுகளும் அரிசி மூட்டைகளும் எதிரொலியை விழுங்கும். அவற்றின் நடுவே நின்று பேசுவது நலம்.

4. காட்சி: கடைக்காரர் கை பட்டுப்பட்டுக் கண்ணாடியில் எண்ணெய் ஏறியிருக்கும், முதலில் அதைத் துடையுங்கள். தொலைபேசியைக் கையில் பிடியாமல் முக்காலியில் நிறுத்துங்கள். தூரத்தில் நின்று பெரிதாக்காமல் கிட்டப் போய் எடுங்கள். கடை முகப்பு, நிறுக்கும் கை, சரக்கின் நெருக்கமான தோற்றம் என்று ஒவ்வொன்றும் நாலைந்து விநாடி எடுத்துவைத்தால், பேச்சின் நடுவே கோத்துக்கொள்ளலாம். தம் உருவம் படத்தில் வருவதைப் பேணுதலாகத் தவிர்ப்போர், கையையும் சரக்கையும் காட்டிக் குரல் மட்டும் கொடுக்கலாம்.

5. கோர்வை: வெட்டி ஒட்டுவதற்கு இலவசச் செயலிகள் உண்டு, வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். தமிழிலும் மலாயிலும் எழுத்துப் போடுங்கள். ஓசையை அடைத்துவைத்துப் பார்ப்போர் பலர். பிறருடைய பாட்டைச் சேர்த்தால் உரிமை வழக்கு வரலாம். தராசின் ஓசையும் கல்லில் ரொட்டி தட்டும் ஓசையுமே அழகுதான்.

இவையெல்லாம் கைத்திறன். இனிச் சொல்வதுதான் முக்கியம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. ஜனங்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். விளம்பரப் படம் என்பது குவியலின் மேற்பக்கம். சாயத்தைக் கூட்டிக் காட்டிய துணியும், ஒரு நாளைக்கு மட்டும் வைத்த விலையும் அடியில் மறைத்த ஈரமே. வாங்கினவர் குவியலுக்குள் கையை விடுவார். அன்று வியாபாரம் போகும், பெயரும் போகும்.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2011-ம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டத்தின்படி பொய்யான வருணனை குற்றம். ஜாக்கிம் அல்லது மாநிலச் சமய அதிகாரிகளின் சான்று பெறாதவர் ஹலால் முத்திரையைப் படத்தில் காட்டலாகாது. கடைக்காரர் முஸ்லிம் என்பது சான்றாகாது. கருஞ்சீரகத்தின் சிறப்பு ஹதீஸில் உண்டு. அதற்காக நம் கடைப் புட்டி நீரிழிவைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்தால், 1956-ம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் பிடிக்கும்.

ஆகவே, சகோதரர்களே! இந்த வாரமே ஒரு சரக்கைத் தேர்ந்தெடுங்கள். உள்ளதை உள்ளபடி ஒரு நிமிஷம் சொல்லுங்கள். வெளியிடுமுன் நம் பழைய வாடிக்கைக்காரர் ஒருவரிடம் காட்டி, “இது நம் கடைதானா?” என்று கேளுங்கள். ஆம் என்றால் அனுப்பிவையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.